படித்துக்காட்டாத பத்திரம்

சிவமயம்

மேலரத வீதி,
திருநெல்வேலி டவுன்.
03.02.2025

வழக்கறிஞர் வேணி அவர்களுக்கு,

அண்ணன் ஐயம்பெருமாள் எழுதிக்கொள்வது. சுகம் விசாரிக்கிற பாத்தியம் எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் நம்பரை நீ ஆறு வருஷமாகத் தடுத்து வைத்திருக்கிறாய். கூப்பிட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. அதனால் பதிவுத் தபால். பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பேனா பிடிக்கக் கஷ்டமில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்துக்கு நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் மதினிக்குக் கண் தெரியவில்லை. சர்க்கரை. முதலில் வலது கண் போனது, போன வருஷம் தொடக்கத்தில் இடதும் போய்விட்டது. வாரம் நாலு புத்தகம் லைப்ரரியிலிருந்து தூக்கிக்கொண்டு வருகிறவள் பிரம்மநாயகி, உனக்குத் தெரியும். அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அசன் மைதீன்தான் அவள் போனில் 'செவிமடை' என்று ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். புத்தகங்களை ஆள் வைத்து வாசித்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். காதில் கேட்டுக்கொள்ள வேண்டியது.

அதில் இரண்டு வகை உண்டு. மாதச் சந்தா கட்டிக் கேட்பது ஒன்று, ஒவ்வொரு புத்தகமாக விலை கொடுத்து வாங்குவது இன்னொன்று. சந்தா என்றால் வாடகைக்கு இருக்கிற மாதிரி, நிறுத்தினால் எல்லாம் போய்விடும், நாம் சொந்தமாகவே வாங்கிவிடுவோம் என்று சொன்னவன் நான்தான். பத்து மாதத்தில் முப்பத்தெட்டுப் புத்தகம் வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் 'வாங்கு' என்று பச்சையாக ஒரு பொத்தான். அமுக்கினால் 'உங்கள் நூலகத்தில் சேர்ந்தது' என்று வரும். 'உங்கள்' என்று எழுதியிருந்தது, கவனி.

இந்தப் பொங்கலன்று பால் பொங்கி இறக்கின பிறகு அவள் போனோடு உட்கார்ந்தாள். முப்பத்தொரு புத்தகம் இல்லை. 'இந்த உள்ளடக்கம் தற்போது கிடைக்கவில்லை' என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. போனதில் ஒன்று 'தங்கபுஷ்பம்'. நூற்றிநாலு அத்தியாயம் உள்ள கதை. தொண்ணூற்றி மூன்றாவது அத்தியாயத்தில் அந்தப் பெண் உவரிக் கரையில் ஒரு தோணிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். ஏறினாளா, திரும்பி நடந்தாளா, தெரியாது. அச்சுப் புத்தகம் கிடையாது. கேட்பதற்கென்றே எழுதின கதையாம். எழுதினவர் சிங்கப்பூர்க்காரர், அவரும் காலமாகிவிட்டார்.

கம்பெனிக்கு எழுதினால் 'மடைத்தோழி' என்று ஒரு மெசின் பதில் சொல்கிறது. "உங்கள் உணர்வை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்." நான் திட்டினதற்கும் அதே பதில். சவத்த, ஒரு மனுசன்கூடவா அங்கே இல்லை?

நீ நுகர்வோர் வழக்குகள் பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உன் ஃபீஸ் என்னவோ எழுது, அனுப்பிவிடுகிறேன்.

ஐயம்பெருமாள்


பெரம்பூர், சென்னை.
11.02.2025

அண்ணனுக்கு,

உறை மேல் 'வழக்கறிஞர் வேணி' என்று எழுதியிருந்தீர்கள். தங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை போல. சரி, வழக்கறிஞராகவே பதில் எழுதுகிறேன். ஃபீஸ் வேண்டாம். இதை மதினிக்காகச் செய்கிறேன், உங்களுக்காக இல்லை.

மதினியின் கண் போய் ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு ஒரு தபால் அட்டை போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் சமையல்கட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எனக்குப் பரீட்சைப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் அவள். அவள் கண்ணைப் பற்றி நான் தெரிந்துகொள்வதற்கு ஒரு கம்பெனிக்காரன் புத்தகத்தைப் பிடுங்க வேண்டியிருந்திருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அன்று கோர்ட்டுக்கே போகவில்லை நான்.

எனக்கு வேண்டியவை: வாங்கின ரசீதுகள் எல்லாம், மறைந்துபோன புத்தகங்களின் பட்டியல், அந்த மெசினோடு நீங்கள் சண்டை போட்டது முழுக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, செயலியில் சேரும்போது ஒரு நிபந்தனைப் பத்திரம் காட்டி 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில் டிக் போடச் சொல்லியிருப்பார்கள். அதை முழுசாக அச்செடுத்து அனுப்புங்கள்.

ஒரு கேள்வி. வழக்குக்கு அவசியம், அதனால் உண்மையைச் சொல்லுங்கள். டிக் போடும்போது அதை வாசித்தீர்களா?

வேணி

பி.கு: நம்பர் அப்படியே இருக்கட்டும். தபால் போதும்.


சிவமயம்

டவுன்
18.02.2025

வேணிக்கு,

கேட்டதெல்லாம் இத்துடன் இருக்கிறது. நிபந்தனை மட்டும் அறுபத்தொரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அசன் மைதீன் கடை பிரிண்டரில் மை தீர்ந்து இரண்டாவது தடவை போட வேண்டியிருந்தது. "அண்ணாச்சி, இது என்ன, ஜமீன் சொத்துப் பாகப்பிரிவினையா?" என்று கேட்டான்.

வாசிக்கவில்லை. போதுமா? அறுபத்தொரு பக்கத்தை ஒரு உள்ளங்கை அகல போனில் எவன் வாசிப்பான்? கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் அவள் "முடிஞ்சுதா, முடிஞ்சுதா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாள். டிக்கைப் போட்டேன். வழக்கமாக எழுதுவதைத்தானே எழுதியிருப்பான் என்று நினைத்தேன்.

இப்போது அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். இருபத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது அந்த அநியாயம். 'வாங்கு' என்கிற சொல் எந்த உரிமை மாற்றத்தையும் குறிக்காதாம். நாம் வாங்கினது புத்தகம் இல்லையாம், கேட்பதற்கான அனுமதியாம். அதை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாமாம். அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது, வாரிசுக்குப் போகாது. அடப் பாவிகளா! நான் முப்பத்தொரு வருஷமாகக் கிரயப் பத்திரம் எழுதுகிறேன். 'இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதினால் அப்புறம் விற்றவன் அந்த வீட்டு வாசலில் செருப்பைக்கூட விட முடியாது. கிரயம் என்றால் அதுதான் கிரயம். இவன் விற்ற மாதிரி விற்றுவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே சொருகி வைத்திருக்கிறான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் எழுதின எந்தப் பத்திரத்தின் கடைசியிலும் 'படித்துக்காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு' என்று வரும். அது வெறும் எழுத்து இல்லை. எழுதிக் கொடுப்பவர் எழுத்துத் தெரியாதவராக இருந்தாலும் சரி, கலெக்டராக இருந்தாலும் சரி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்துக்காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். ஊரில் என் பேர் அதற்குத்தான். படித்துக்காட்டாமல் ஒரு கையெழுத்துகூட நான் வாங்கினதில்லை. அவர்கள் என்னிடம் வாங்கியிருக்கிறார்கள்.

போன புத்தகங்களுக்குப் பதிலாக 'மடைக்காசு' தருகிறார்களாம், அதை வைத்து வேறு புத்தகம் வாங்கிக்கொள்ளலாமாம். அவளிடம் சொன்னேன். "காசு யாரு கேட்டா? தங்கபுஷ்பம் எங்க?" என்றாள். நானே ஏதாவது வாசித்துக் காட்டுகிறேன் என்று நேற்று ஒரு கதையை எடுத்தேன். நாலாவது பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். "நீங்க வாசிச்சா கதாநாயகி நஞ்சை நிலம் விக்குத மாதிரி இருக்கு."

கண் விஷயத்தைச் சொல்லவில்லை என்று கோபித்திருந்தாய். நம்பரை அடைத்தது நீ.

ஐயம்பெருமாள்


பெரம்பூர்
01.03.2025

அண்ணனுக்கு,

நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். நகல் வைத்திருக்கிறேன். பதினைந்து நாள் கொடுத்திருக்கிறேன்.

நம் பக்கம் என்ன இருக்கிறது, அவர்கள் பக்கம் என்ன இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிப்பாளரோடு அவர்களுக்கு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதனால் புத்தகங்களை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கே அந்தப் புத்தகம் சொந்தமில்லை, உங்களுக்கு எப்படி விற்க முடியும்? 'வாங்கு' என்று பொத்தானில் எழுதிவிட்டு இருபத்தேழாம் பக்கத்தில் இல்லை என்று சொன்னது வாங்குகிறவரை ஏமாற்றுகிற காரியம் என்பது நம் வாதம். நீங்கள் டிக் போட்டீர்கள் என்பது அவர்கள் வாதம். அதற்கு நீங்களே 'வாசிக்கவில்லை' என்று எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. படித்துக்காட்டாமல் ஒரு கையெழுத்துகூட வாங்கினதில்லை என்று.

ஒன்று வாங்கியிருக்கிறீர்கள்.

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து இரண்டாம் நாள். வெள்ளிக்கிழமை. ரிஜிஸ்தர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் உங்கள் மேஜை. பத்துத் தாள் இருந்தது. "பத்தரைக்கு ராகு காலம் வந்துரும், சட்டுனு போடு வேணி" என்றீர்கள். என்ன எழுதியிருக்கு என்று கேட்டேன். "எல்லாம் வழக்கமா எழுதுறதுதாம்ட்டி" என்றீர்கள். போட்டேன். அண்ணன் எழுதினதை உட்கார்ந்து வாசித்தால் உங்களை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். வக்கீல் படித்தவள் வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது.

அப்போதுகூட எனக்கு அது உறைக்கவில்லை. வீடு யார் பேரில் இருந்தால் என்ன, மாடி அறை என்னுடையதுதானே என்று இருந்தேன். அந்த வருஷம் ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள், என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு இரண்டு பையோடு வந்து இறங்கினேன். மாடி அறையில் யாரோ குடியிருந்தார்கள். கொடியில் லுங்கி காய்ந்தது. என் பீரோவைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளியிருந்தது. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே நீங்கள் சொன்னீர்கள்: "அதான் கையெழுத்துப் போட்டாச்சுல்லா." மதினி காபி கொண்டு வந்தாள். குடிக்காமல் கிளம்பினேன்.

அறுபத்தொரு பக்கம் வாசித்துத்தான் உங்களுக்கு இது புரிந்திருக்கிறது. பிறந்த வீட்டில் எனக்கு இருந்ததும் அனுமதிதான். கொடுக்கிறவர் நினைத்தால் கொடுக்கலாம், நினைத்தால் காரணம் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

வேணி


சிவமயம்

டவுன்
08.03.2025

வேணிக்கு,

அதுவும் இதுவும் ஒன்றா? நான் என்ன கம்பெனியா? உன் கல்யாணத்துக்கு அப்பாவும் நானும் செய்ததெல்லாம் எங்கே போயிற்று? வீடு பையனுக்கு என்று அப்பா வாயால் சொன்னதை நீயும்தான் கேட்டாய். மாடியில் ஆள் வைத்தது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதே என்றுதான். நீ பையோடு வருவாய் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொன்னாயா? காபியைக்கூடக் குடிக்காமல் போனவள் நீ. ஆறு வருஷம் நான் தெருவில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன்! வக்கீல் நீ, வாசிக்காதே என்று உன் கையைப் பிடித்துத் தடுத்தேனா? நிதானமாக வாசித்திருந்தால் நான் என்ன வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?

மேலே உள்ளது நேற்று எழுதினது. தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இனி எழுதுவது இன்று.

உன் கடிதங்களை உன் மதினிக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். போன கடிதத்தை வாசிக்கும்போது பதிப்பாளர் ஒப்பந்தம் வரை வாசித்தேன். அப்புறம் 'இப்படிக்கு வேணி' என்று முடித்துவிட்டேன். முறுக்கு பிழிய மாவு சலிக்கச் சொன்னாள், சலித்துக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள், "கடுதாசி ரெண்டு தாளா?" ஆமா என்றேன். "ரெண்டாவது தாளைத் திருப்புன சத்தம் கேட்டுச்சு. வாசிச்ச சத்தம் கேக்கலையே."

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தால் அசன் மைதீன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். கையில் உன் கடிதம். அவனைப் போன் பண்ணி வரவழைத்து முழுசாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "நான் வாரேன் அண்ணாச்சி"ன்னு பைய எழுந்து போய்விட்டான். முப்பத்தொரு வருஷம் எனக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறவன்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட நீங்க என்ன கேட்டியளோ அதையே அவ உங்ககிட்ட கேக்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "அன்னைக்கு நானும் வாயைத் தொறக்கல. காபி போட்டுட்டு நின்னேன்" என்றாள். அப்புறம் ரேடியோவைப் போட்டுவிட்டாள்.

எனக்கு இன்னும் கோபம்தான். உன் மேலா, அவள் மேலா, அந்த டிக் மேலா என்று தெரியவில்லை. நோட்டீஸுக்குப் பதில் வந்தால் எழுது.

ஐயம்பெருமாள்


பெரம்பூர்
24.03.2025

அண்ணனுக்கு,

கம்பெனியின் பதில் வந்துவிட்டது. நகல் இத்துடன். நாலு பக்கத்தில் ஒரு வரிதான் முக்கியம், தமிழில் சொல்கிறேன்: பயனர் நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்டு தன் சுய விருப்பத்தின் பேரில் ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும்; படிக்க வேண்டாம் என்று கம்பெனி யாரையும் தடுக்கவில்லை.

இதே வார்த்தையை எட்டாம் தேதிக் கடிதத்தின் முதல் பாதியில் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட வேண்டும். திருநெல்வேலியிலேயே போடலாம். மதினிதான் மனுதாரர், செயலி அவள் போனில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்தால் இழப்பீடு கிடைக்கும். புத்தகம் கிடைக்காது. அதைக் கொடுக்கிற பாத்தியம் அவர்களிடமே இல்லை. தங்கபுஷ்பம் கதையின் ஒலிப்பதிவு இப்போது யாரிடம் இருக்கிறது என்று பதிப்பாளருக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன், பதிலே இல்லை. வாசித்த பெண்ணைக் கண்டுபிடித்துப் பேசினேன். ஒவ்வொரு நாளும் வந்து தாளைப் பார்த்து வாசித்துவிட்டுப் போனாளாம், தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். முடிவு அவளுக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. "ஏறினதா ஞாபகம் மேடம், இல்ல, அது வேற கதையோ" என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

மதினி நம்பரையும் சேர்த்துத்தான் அடைத்திருக்கிறேன், அதனால் அவள் அசன் மைதீன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஆறு வருஷம் கழித்து அவள் குரல். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, அந்தக் கதைக்கு நானே ஒரு முடிவு சொல்லட்டுமா மதினி என்று கேட்டேன். "நீ சொல்லுத கதை எனக்கு எதுக்கு? நான் வாங்குன கதை எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் கேஸ் போடு, எத்தனை வருஷம் ஆனாலும் சரி என்றாள். மனுவை முழுசாக அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைரேகை வாங்க வேண்டும் என்று மைதீனிடம் சொல்லியிருக்கிறேன். கையெழுத்தே போடுவேன் என்கிறாள். போடட்டும்.

வேணி


சிவமயம்

டவுன்
05.04.2025

தங்கச்சி வேணிக்கு,

மனு போட்டாயிற்று. வழக்கு நம்பர் ஆகிவிட்டது. கம்பெனிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, ஜூனில் வாய்தா. அங்கன ஆணையத்துக்கு வெளியே பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். போனில் விளையாடுகிற விளையாட்டை வாங்கினானாம், கம்பெனி மூடினதும் அதுவும் போயிற்றாம். உன் மதினி அவனிடம் அரை மணி நேரம் பேசினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனுக்காகவும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வந்தாள்.

இத்துடன் ஒரு பத்திர வரைவு வைத்திருக்கிறேன். தான செட்டில்மெண்ட். மாடி அறை, அதை ஒட்டின மொட்டைமாடித் தட்டோடி, குளியலறை. உனக்கு.

இதைப் பற்றி ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டால் அவள் எப்படியும் உன்னிடம் சொல்லிவிடுவாள், அதனால் நானே சொல்கிறேன். இது இரண்டாவது வரைவு. முதல் வரைவை எழுதிக்கொண்டு வந்து அவளுக்குப் பெருமையாகப் படித்துக்காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாதியில் கையை நீட்டி, "அந்த வரியைத் திருப்பி வாசிங்க" என்றாள். வாசித்தேன். 'தங்கள் ஆயுட்காலம் வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது, யாருக்கும் பராதீனம் செய்ய உரிமை இல்லை.' அதாவது, உயிரோடு இருக்கிற வரை நீ இருந்துகொள்ளலாம், விற்கவோ கொடுக்கவோ முடியாது.

"இதை நீங்க எழுதினியளா, செவிமடைக்காரன் எழுதினானா?" என்று கேட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று எழுதவில்லை. பெண்பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிற பத்திரம் என்றால் அந்த வரி கையிலிருந்து தானாக வந்து விழுகிறது. எத்தனை வீட்டுக்கு அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன், யோசனையை நிறுத்திவிட்டேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இப்போது இருப்பது 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்.' நீ விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், பூட்டிப் போடலாம். நான் கேட்க முடியாது.

மாடியில் இருந்தவர்கள் போன மாதமே காலி செய்துவிட்டார்கள். உன் பீரோவை மேலே ஏற்றியாயிற்று. கண்ணாடியில் ஒரு கீறல், அது முன்னாடியே இருந்ததா என்று தெரியவில்லை.

வாசித்துப் பார். வாசிக்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாதே. தப்பு இருந்தால் சிவப்பு மையால் எழுதி அனுப்பு, எனக்குக் கோபம் வந்தாலும் வரட்டும். ஒரு நல்ல நாள் பார்த்துப் பதிவு வைத்துக்கொள்வோம்.

அண்ணன்
ஐயம்பெருமாள்


பெரம்பூர்
12.04.2025

அண்ணனுக்கு,

மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை தங்கச்சியாக வாசித்தேன், எழுத்தே சரியாகத் தெரியவில்லை. அப்புறம் இரண்டு தடவை வக்கீலாக.

ஒரு தப்பு இருக்கிறது. மாடி அறை, தட்டோடி, குளியலறை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வாசலிலிருந்து மாடிக்கு ஏறுகிற படிக்கட்டை எழுதவில்லை. படி உங்கள் பேரில் இருந்தால் நான் ஒவ்வொரு தடவையும் உங்களிடம் அனுமதி கேட்டுத்தான் என் அறைக்கு ஏற வேண்டும். மறதியா, பழக்கமா என்று கேட்டுச் சண்டை போடப் போவதில்லை, எனக்குச் சலித்துவிட்டது. படியையும், அதில் ஏறி இறங்குகிற உரிமையையும் சேர்த்து எழுதுங்கள். சிவப்பு மையால் குறித்திருக்கிறேன்.

கம்பெனி வக்கீல் கூப்பிட்டார். வாய்தா அன்று வர முடியாதாம், இன்னும் அவகாசம் கேட்கப் போகிறாராம். கேட்கட்டும், நான் வருவேன். மதினிக்குத் தங்கபுஷ்பம் கிடைக்க மாட்டாள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஒருத்தர் முழு மனசாக வாங்கின பொருளை இப்படி எடுத்துக்கொண்டு, கருதப்படும், கருதப்படும் என்று நாலு பக்கம் எழுதுகிறார்களே, அவர்கள் வீட்டில் யாரும் எதையும் வாங்குவதே இல்லையா?

உங்கள் நம்பர் இன்னும் அடைத்தபடிதான் இருக்கிறது. அதை எடுக்க எனக்கு இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

நல்ல நாள் பார்க்க வேண்டாம், நாளை நானே சொல்கிறேன். ஏப்ரல் இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை. டோக்கனைப் பத்தரை மணிக்கு மேல் போடுங்கள். ராகு காலம் என்று எனக்குத் தெரியும். அதே வேப்பமரத்தடி, அதே மேஜை. மதினியைக் கூட்டி வாருங்கள், அவளுக்கு ஒரு நாற்காலி போட அசன் மைதீனிடம் சொல்லிவிட்டேன். பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்கள்தான் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் என்னைச் 'சட்டுனு போடு' என்று சொல்லக் கூடாது.

நடுவில் ஒரு தாளைச் சும்மா திருப்பினாலும் மதினிக்குக் கேட்டுவிடும்.

வேணி